கடல் கடந்த காட்சியும் கொற்கைக் குளக்கரையும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்குமான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விடுமுறைக் காலத்தில் அயல்நாடு சென்று வருவது நன்றா, சொந்த நாட்டிலேயே நான்கு இடங்களைக் கண்டு மகிழ்வது நன்றா என்பது பற்றிப் பேசுமாறு நமக்குப் பணித்திருக்கிறார்கள். ஊராட்சிப் பயிற்சி முகாமுக்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். கால்வாய், கழிப்பிடம், தெருவிளக்கு என்று பேச வேண்டிய இடத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் எப்படி நுழைந்தன என்றும் கேட்கலாம். அவை நுழைந்துவிட்டன என்பதே உண்மை. வாழைத்தார் நல்ல விலைக்குப் போன ஆண்டில், மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு விமானம் ஏறிய உழவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துச் சென்றோரும் உளர். நகையை அடகு வைத்துச் சென்றோரும் உளர். பின்னவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வட்டியே சொல்லிக்கொள்ளும்.

2023-24ஆம் நிதியாண்டில் நம் நாட்டு மக்கள் வெளிநாட்டுப் பிரயாணச் செலவுக்காக அனுப்பிய பணம் ஏறத்தாழ 1,700 கோடி டாலர் என்று ரிசர்வ் வங்கியின் கணக்குக் கூறுகிறது. இத்தொகையைக் கேட்டவுடன், நாட்டின் செல்வமெல்லாம் வெளியே போகின்றதே என்று முறையிடுவது எளிது. நாம் அவ்வாறு முறையிடப் போவதில்லை. இந்தக் கரையில் பிறந்தவன் கடல் கடக்கலாகாது என்று சொன்னால் கொற்கையே நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

ஏனெனில், அயல்நாடு என்பது இந்தப் பகுதிக்குப் புதிய சொல் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பிரயாணக் குறிப்பில் கொற்கை ‘கொல்கை’ என்ற பெயரோடு வருகிறது. பாண்டியன் ஆட்சிக்குட்பட்ட அந்தத் துறையில், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டது என்றும் அந்நூல் தெரிவிக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி, இந்த வளைகுடாவையே கொற்கையின் பெயரால் குறித்தார். தாமிரவருணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் பின்வாங்கியபோது, துறைமுகமும் அதைத் தொடர்ந்து காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலைத்தான். பின்னர் அந்தச் சிறப்பு தூத்துக்குடிக்குச் சென்றது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக அங்கே தங்க வைத்து, அதன் பிறகே கப்பல் ஏற்றினார்கள். நம் முன்னோருள் பலர் அயல்நாடு கண்ட விதம் அது. பசி துரத்திற்று, போனார்கள். இன்று அதே பரம்பரையில் வந்த ஒருவர் கையில் கேமராவுடன் கண்டிக்குப் போய்வருகிறார் என்றால், அதில் மனம் நிறைவதற்கே இடமிருக்கிறது.

ஆகவே, போகாதீர்கள் என்பது நம் பேச்சன்று. மாநில அரசே 2025-26ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், உழவர்கள் 100 பேரை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துச் சென்று நெல் சாகுபடி முறைகளைக் காட்டப் போவதாக அறிவித்தது. கண்ணால் கண்ட பாடம் காதால் கேட்ட பாடத்தை விட நெடுநாள் நிற்கும்.

அயல்நாடு சென்றவர் அங்கே எதைக் கண்டு மகிழ்ந்தார் என்பதைத்தான் நாம் கேட்டறிய வேண்டும். இலங்கை சென்று திரும்பிய ஒரு வாழை விவசாயியிடம், "அண்ணாச்சி, அங்கே எது உங்கள் மனத்துக்குப் பிடித்தது?" என்று கேட்டோம். கடற்கரையையோ கடைவீதியையோ சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது அநுராதபுரத்தை. "பழைய செங்கல் கட்டடம் ஐயா. ஒரு பையன் ஒரு மணி நேரம் நின்று விளக்கம் சொன்னான். சுற்றிலும் ஒரு காகிதத் துண்டு இல்லை. வெளியே வந்தால் குடிக்கத் தண்ணீர், போவதற்குச் சுத்தமான கக்கூஸ். பெண்கள் உட்கார்ந்து கிழங்கு அவித்து விற்கிறார்கள்" என்றார். கொற்கைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டோம். ஏரல் சந்தைக்கு வாரந்தோறும் போகிறவர் அவர். "அங்கே என்ன ஐயா இருக்கிறது?" என்றார்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது?

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்திற்று. செங்கற் கட்டடப் பகுதியும், உறை கிணறுகளும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றைச் சோதித்தபோது அதன் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது என்று தெரிந்தது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. செங்கற் கட்டுமானமும் அறுத்த சங்குகளும் வெளிப்பட்டன. அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் இருந்த நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. நெல் விதைக்கும் நம் கைகளுக்கு இதைவிடப் பெரிய பத்திரம் வேறென்ன வேண்டும்? கொற்கைக் குளத்தை ஒட்டி வெற்றிவேல் அம்மன் கோயில் இருக்கிறது. காலம் சொல்ல முடியாத ஒரு பழைய வன்னி மரம் ஊரில் நிற்கிறது. அக்கசாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காசு அடித்த இடத்துக்கு அக்காலத்தில் வழங்கிய சொல் அது. கடல் மட்டும்தான் இல்லை. அது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. அலை அடித்த இடத்தில் இன்று வாழையும் நெல்லும் நிற்கின்றன என்பதே பிரயாணி ஒருவன் கேட்டு வியக்கத்தக்க கதை. அதைச் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

சற்றுத் தொலைவில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, எடுத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். நம் ஊர்த் தாழியைப் பார்க்க நாம் ஐரோப்பாவுக்குப் பிரயாணச் சீட்டு வாங்க வேண்டும் என்பது வேடிக்கைதான்! பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. வெகு காலத்துக்குப் பிறகு, 2023இல், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே வைத்து மேலே கண்ணாடி பொருத்திப் பார்க்கும்படி ஆதிச்சநல்லூரிலேயே காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே வரிசையாக நின்று பார்க்கிறார்கள். ஒரு பொருள் இருந்த இடத்திலேயே இருந்தால் அந்த ஊருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அங்கே போனால் உணரலாம்.

இனி, கப்பல் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பிரயாணிகள் கப்பல் விடப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய பெரிய கப்பல். கொடியசைத்து அனுப்பினார்கள், பத்திரிகைகள் வ.உ.சி.யை நினைவுகூர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நின்றுபோயிற்று. ஆட்கள் போதவில்லை, எரிபொருட் கடன் ஏறிற்று. காரணங்களை அறிந்தோர் விரிவாகக் கூறுவர். நம் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே. கொழும்பிலிருந்து காலையில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்துக்கு, மாலை வரை காட்டுவதற்கு எந்த ஊர் தயாராக இருந்தது? தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் உண்டு, திருச்செந்தூர் உண்டு. இரண்டுக்கும் இடையில் சாலையோரத்துக் கிராமம் ஒவ்வொன்றும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், வந்தவர் பேருந்தின் சன்னல் வழியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கிற்று. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. தூத்துக்குடியிலிருந்தும் என்றேனும் கப்பல் புறப்படலாம். அன்றைக்கு நாம் என்ன காட்டப் போகிறோம்?

கப்பல் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பிரயாணிகளின் வருகை 28 கோடியைத் தாண்டிற்று என்று மத்திய சுற்றுலாத் துறையின் புள்ளிவிவரம் கூறுகிறது. அவர்களில் எத்தனையோ பேர் திருச்செந்தூர்ச் சாலையில் நம் வீட்டு வாசல் வழியாகவே போகிறார்கள். 2019ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதம மந்திரி, நாட்டுக்குள்ளேயே பதினைந்து இடங்களையேனும் பாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே நோய்த் தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டது. அது வேறு கதை. ‘சொந்த நாட்டைப் பாருங்கள்’ என்று சொல்வது போதாது, அண்ணாச்சிமார்களே. பார்க்க வந்தவன் கால்மணி நேரத்தில் திரும்பி ஓடாமல் இருக்கும்படி செய்ய வேண்டும். அது டில்லியில் செய்யக்கூடிய காரியமன்று; ஊராட்சி செய்ய வேண்டியது.

கேரளத்தில் குமரகம் என்ற ஊரைப் பலரும் அறிவீர்கள். காயலும் படகு வீடுகளும் உள்ள ஊர். பெரிய ஓட்டல்கள் வந்த காலத்தில், காய்கறியும் முட்டையும் வெளியூரிலிருந்து லாரியில் வந்தன. ஊரார் வேலியோரத்தில் நின்று பார்த்தார்கள். 2008 முதல் ‘பொறுப்புச் சுற்றுலா’ என்ற பெயரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஓட்டல்கள் உள்ளூர் உழவர்களிடமும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமும் பொருள் வாங்க வேண்டும். விலையை ஊராட்சியும் உடன் இருந்து பேசி முடிக்க வேண்டும். தரிசாகக் கிடந்த நிலத்திலும் காய்கறி விளைந்தது. தெலங்கானாவில் நெசவாளர் ஊரான போச்சம்பள்ளி, 2021இல் ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பினால் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே அருவியும் இல்லை, மலையும் இல்லை, தறிதான் இருக்கிறது.

நம்மிடம் விற்கப் பொருள் இல்லையா? ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலேயே கிடைத்துவிட்டது. வாழை இலையில் ஒரு வேளைச் சோறு போட நம் மகளிர் குழுக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விருந்தோம்பல் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை நாடே கண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர் அதில் வந்திருந்தார்கள். இருப்புப்பாதை அடித்துச் செல்லப்பட்டது, சாலையும் இல்லை. தம் வீடுகளிலேயே வெள்ளம் புகுந்திருந்த நிலையில் புதுக்குடி ஊரார் உலை ஏற்றி அந்தப் பிரயாணிகளுக்குச் சோறு போட்டார்கள். கேட்டுச் செய்ததன்று, கணக்குப் பார்த்துச் செய்ததுமன்று. நாடி வரும் விருந்தினருக்கு ஒரு திண்ணையும் ஒரு குடம் தண்ணீரும் நிலையாக ஏற்பாடு செய்ய அந்த ஊர்களால் முடியாது என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம்.

இதில் சில எச்சரிக்கைகளும் உண்டு. பிரயாணிகள் வந்தால் குப்பையும் வரும். பிளாஸ்டிக் பை தாமிரவருணியில் போய் முடியும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. படகு வைத்திருப்பவர் யாரும் வந்தவரை அனுமதியின்றித் தீவுக்குக் கூட்டிச் சென்று சம்பாதிக்க எண்ணலாகாது. 1961க்குப் பின் நம் கரையில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. எனவே ‘கொற்கை முத்து’ என்று சொல்லி எதையோ விற்று ஊர்ப் பெயரைக் கெடுப்பதும் கூடாது. வாழைக்குக் குழி தோண்டும்போது தாழியோ பழங்காசோ கிடைத்தால் உடைக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிப்பது கடமை. வட்டாட்சியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொன்னால் போதும். வயலைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சத்தினால் எத்தனையோ தாழிகள் இரவோடு இரவாக மண்வெட்டிக்கு இரையாகியிருக்கும். அச்சத்தைப் போக்குவது அதிகாரிகளாகிய எங்கள் பொறுப்பு. தகவல் தருவது உங்கள் பொறுப்பு.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிய மாளிகை எதுவும் கட்ட வேண்டாம். சாலை திரும்பும் இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை. குளக்கரையில் நிழலும் உட்காரத் திண்ணையும். குடிதண்ணீர். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே தண்ணீர் வசதியுள்ள கழிப்பிடம். துப்புரவுக்கும் குடிநீருக்கும் வரும் மானியத்திலேயே இவற்றுள் பலவற்றை முடிக்கலாம். பள்ளி ஆசிரியர் துணையோடு, படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நான்கு வாலிபர்களுக்கு ஊர் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள். வந்தவர் கொடுப்பது அவர்களுக்கு. முதலில் அந்த வாலிபர்கள் அழைத்துச் செல்ல வேண்டியது வெளியூராரை அன்று. சுற்றுவட்டப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளை. மலேசியா சென்று திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கட்டும். பார்த்ததை ஒப்பிட்டுச் சொல்ல அவனுக்கு இரண்டு ஊர் தெரியும்.

அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தீர்மானம் எழுதும்போது கழிப்பிடம் கட்டுவது என்பதோடு நிறுத்திவிடாமல், அதன் சாவி யாரிடம் இருக்கும், தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புவார், அவருக்கு மாதச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் கழிப்பிடங்கள் நம் வட்டாரத்தில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கின்றன.