படம் பார்த்து உளி பிடித்தேன்



நேற்று வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா கேட்டார். "செல்போனில் படம் பார்த்தே தச்சு வேலை படிக்க முடியுமா?" நான் படித்துப் பார்த்தவள். அதனால் சொல்கிறேன்.

டெலானிபூருக்கு மர வேலை புதிதல்ல. பக்கத்தில் சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டே மரம் அறுக்கும் ஆலை வந்துவிட்டது. படாக் மரத்தின் சிவப்பு நமக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண் உளி பிடிக்க வேண்டும் என்றால் யார் சொல்லித் தருவார்? நான் கேட்ட ஆசாரிகள் சிரித்தார்கள்.

செல்போன் சிரிக்கவில்லை. முன்பு நம் தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. படம் பாதியில் நிற்கும். 2020 ஆகஸ்ட் 10-இல் கடலுக்கு அடியில் போட்ட கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. சென்னையிலிருந்து நம் தீவுகள் வரை சுமார் 2,300 கிலோமீட்டர்! பிறகு படம் நிற்காமல் ஓடியது. நானும் உளி வாங்கினேன்.

இங்கிலாந்தில் பால் செல்லர்ஸ் என்று ஒரு தச்சர் இருக்கிறார். உளி, வாள், இழைப்புளி ஆகியவற்றைக் கொண்டு செய்து காட்டுவார். புரியாவிட்டால் பத்து முறைகூடத் திருப்பிப் பார்க்கலாம். படத்துக்குக் கோபம் வராது.

ஒரு சின்ன ஸ்டூல் செய்தேன். சட்டத்தில் குழி வெட்ட வேண்டும். காலின் தலையில் நாக்கு வெட்ட வேண்டும். நாக்கு குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். என்னுடையது ஆடியது. மறுபடி செய்தேன். மறுபடியும் ஆடியது. மூன்று கட்டைகள் அடுப்புக்குப் போயின. படம் நமக்குக் காட்டும். நாம் செய்வதை அது பார்க்காது.

எங்கள் தெருத் தாத்தா ஒருவர் வந்து பார்த்தார். தச்சு வேலை செய்தவர். "கோட்டு மேலேயே அறுத்தியாம்மா? வாளுக்கும் தடிப்பு இருக்கு இல்லே? அதுவும் மரத்தைத் தின்னுமே! கோட்டுக்கு வெளியே அறு. மிச்சத்தை உளியாலே சீவு" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பினேன். அதே விஷயம் படத்தின் அடியில் எழுத்தில் இருந்தது! நான் கையை மட்டும் பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை. உங்களுக்குப் பாடம் எடுக்கும் நான்தான்!

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வாள் இழுக்கும்போது அறுக்கும். நம் கடையில் கிடைக்கும் கைவாள் பெரும்பாலும் தள்ளும்போது அறுக்கும். படத்தில் இருப்பது எந்த வாள் என்று முதலில் பாருங்கள். உளியின் வாய்க்கு முன்னால் கையை வைக்காதீர்கள். மழுங்கிய உளிதான் அதிகம் வழுக்கும்.

அந்தத் தாத்தா இப்போது நம் வகுப்பில்தான் இருக்கிறார். உளி தீட்டும் படத்தைப் போட்டுக் காட்டினேன். திரையில் ஓர் எண் வந்தது. "நிறுத்தும்மா" என்றார். விரலை வைத்து, இரண்டு, ஐந்து, இருபத்தைந்து என்று படித்தார். அது உளி முனையின் சரிவு. 25 டிகிரி. உடனே பேரனின் கோணமானியைக் கொண்டு வந்து தன் பழைய உளியை அளந்தார். 27 இருந்தது. "கண்ணாலே பார்த்துத் தீட்டினதுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு முற்றத்தில் அடுத்த ஸ்டூல். வருகிறவர்கள் நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். அளவுகளை நீங்கள்தான் எழுத வேண்டும்.