பழைய வண்டிக்கு உறுப்புத் தேடுதல்: வன்னி தரும் பாடம்

பழைய மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புத் தேடுவோர் உலகில் இரு வகையினர். அழகின் பொருட்டுத் தேடுவோர் ஒரு வகையினர். தேவையின் பொருட்டுத் தேடுவோர் மற்றொரு வகையினர்.

முதல் வகையினரை அமெரிக்காவிலே காணலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பட்ட போர்ட் ‘ரீ’ மாதிரி வண்டிக்கு இன்றும் புதிதாக உறுப்புகள் வார்க்கப்படுகின்றன. பணமும் பொறுமையும் உடையவர் விலைப்பட்டியலைப் பார்த்து எழுதினால், வேண்டிய உறுப்பு வீடு தேடி வருகிறது. அங்கே பழைய வண்டி ஒரு செல்வப் பொருள்.

இரண்டாம் வகையினருக்கு உலகம் காட்டும் உதாரணம் கியூபா. 1960 இல் தொடங்கி 1962 இல் முழுமை பெற்ற அமெரிக்க வணிகத் தடையினால், ஹவானா நகரத்தில் ஓடிய செவர்லே, பியூக், பிளிமத் வண்டிகளுக்கு அமெரிக்க உறுப்புகள் வருவது நின்றது. ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை. அமெரிக்க உடலுக்குள் சோவியத் நாட்டு இயந்திரம் பொருத்தப்பட்டது. ஒரு நாட்டு உறுப்பு இன்னொரு நாட்டு வண்டிக்கு இணக்கப்பட்டது. இச்செய்தியை உலகம் வியந்து பேசுகிறது. ஆயின் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு வரலாறு இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பிலும் நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். அங்கே ஓடியவை அமெரிக்க வண்டிகள் அல்ல. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய ஆங்கிலேய வண்டிகள். சிக்கல் மட்டும் ஒன்றே.

இலங்கையில் பழைய வண்டிகள் மிகுதியாய்த் தங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. அக்காலத்திலேயே இத்தீவின் கராச்சுகள் பழுது பார்ப்பதில் தேர்ச்சி பெற்றுவிட்டன. அத்தேர்ச்சிக்குப் பெருஞ்சோதனை 1990 இல் வந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, மோட்டார் உதிரிப்பாகம் முதலிய பல பொருள்கள் செல்ல முடியாதவை ஆயின. வவுனியா நகரத்துக் கடைகளில் எளிதாய்க் கிடைத்த ஒரு பிளக், நகரத்துக்கு வடக்கே சில மைல் சென்றதும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டுமே மட்டான அளவில் கிடைத்தது. அதுவும் விளக்கெரிக்கவும் நீர் இறைக்கவும் வேண்டியதாயிருந்தது.

இந்நிலையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. புதிய வண்டிகள் நின்றுவிட, முப்பது நாற்பது ஆண்டு முதுமை உடைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மீண்டும் வீதிக்கு வந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இது எவ்வாறு இயன்றது என்பதை விளக்குதல் வேண்டும். மோட்டார் இயந்திரத்துள் எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்து நெருக்கப்பட்ட பின்னரே பொறி எழுகிறது. நெருக்கம் மிகுந்த இயந்திரத்தில் தரம் தாழ்ந்த எரிபொருளை இட்டால், அது ஒழுங்கின்றி வெடித்து இயந்திரத்தைத் தட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன்பின் 1953 வரையிலும் பிரித்தானியாவில் விற்கப்பட்டது தரம் தாழ்ந்த பொதுப் பெற்றோலே. அதற்கேற்ப அக்கால வண்டிகளின் நெருக்கம் ஏழு மடங்கை ஒட்டியே அமைந்தது. ஆங்கிலேயரின் பஞ்சத்துக்காக வகுக்கப்பட்ட இயந்திரம், அரை நூற்றாண்டின் பின் வன்னியின் பஞ்சத்துக்கும் பயன்பட்டது.

இன்னும் ஒரு வசதி இருந்தது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடு வேண்டும். இவ்வண்டிகளில் எரிபொருள் உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. புகையின் வெப்பம் எரிபொருளையும் சுடச் செய்கிறது. ஆதலால், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினால் வண்டி ஓடும். இம்முறையும் புதியதன்று. 1917 இல் அமெரிக்காவில் ஹென்றி போர்ட் ஆக்கத் தொடங்கிய போர்ட்சன் உழவு இயந்திரம் இவ்வாறே பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் உழுதது. பற்றரி இல்லாத குறையை முன்புறத்தில் செருகிச் சுழற்றும் கைபிடி தீர்த்தது. அந்தத் துளையும் பழைய வண்டிக்கே உரியது. புதிய வண்டிகளில் அஃது இல்லை.

எனினும் இவ்வசதிக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. பிளக்கிலே கரி படியும், வால்விலும் படியும். ஆகவே மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி, பெற்றோலில் ஓடிய வண்டியைவிட விரைவில் தேய்ந்தது. உறுப்பு வராத இடத்தில் உறுப்பின் தேவை பெருகிற்று.

உறுப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இறந்த வண்டியிலிருந்து வந்தது. வீட்டுக் கோடியிலே வேலி ஓரமாய்ப் பூவரச மரத்தின் கீழ்க் கிடந்த பழைய வண்டி, பல வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும் களஞ்சியம் ஆயிற்று. ஆயின் எவ்வண்டியின் உறுப்பு எவ்வண்டிக்குப் பொருந்தும் என்பதை அறிதலே தொழிலின் முதற்பாடம். இங்கே பெயர் ஏமாற்றும். ஒஸ்ரின் ஏ-40 என்ற ஒரே பெயரைப் பல வண்டிகள் தாங்கின. 1947 இல் வந்த டெவனும் 1952 இல் வந்த சொமசெற்றும் 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம் உடையன. 1958 இல் வந்த ஏ-40 வண்டியோ 948 கன சென்ரிமீற்றர் அளவுள்ள வேறோர் இயந்திரத்தைக் கொண்டது. பெயரை மட்டும் சொல்லி உறுப்புத் தேடியவர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

பெயர் வேறாயினும் குலம் ஒன்றாயிருப்பதும் உண்டு. 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாய் இணைந்தன. அதன்பின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் 1489 கன சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரே குலத்து இயந்திரம் பொருத்தப்பட்டது. இந்தியாவின் அம்பாசிடர் வண்டியிலும் நெடுங்காலம் ஓடியது அதுவே. அவ்வாறே, மொறிஸ் மைனரில் 1956 முதல் இருந்த இயந்திரமும் 1958 ஆம் ஆண்டு ஏ-40 வண்டியின் இயந்திரமும் ஒரு தாய் மக்கள். இந்த உறவுமுறையை மனத்திலே வைத்திருந்த திருத்துநர், ஊரிலுள்ள கழிந்த வண்டிகளை எல்லாம் தம் கடையாகக் கொண்டார்.

அடுத்தது திருகுப் புரி. பழைய ஆங்கிலேய வண்டிகள் விற்வேர்த் வகைப் புரியைக் கொண்டவை. 1948 இல் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் ஒரே வகைப் புரியை ஏற்க உடன்பட்டன. அதன்பின் வந்த ஆங்கிலேய வண்டிகள் படிப்படியாக அமெரிக்க வண்டியோடு ஒத்த போல்ற்றும் நட்டும் பெற்றன. யப்பானிய வண்டிகளின் புரியோ மில்லிமீற்றர்க் கணக்கு. இம்மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டு சுற்று இலகுவாய் ஏறிய நட் மூன்றாம் சுற்றில் இறுகுமாயின், அது வேற்றினத்தது என்று கை அறியும். அதை மீறி வலிந்து முறுக்கினால் புரி அழியும். அழிந்த புரியை மீட்க அங்கு வழி அரிது.

கிடைக்காததைச் செய்துகொள்ளவும் வேண்டியிருந்தது. தடித்த அட்டையை வெட்டி எண்ணெயில் தோய்த்துக் காஸ்கெற் ஆக்கினர். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாக வெண்கலத் துண்டைக் கடைந்து பொருத்தினர். பொறி எழுப்பும் முனைகளை உரைதாளால் தேய்த்து, இடைவெளியை ஓர் அட்டைத் துண்டால் அளந்தனர். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழி இத்தகையோர்க்கே பொருந்தும்.

ஆயின் எல்லாவற்றையும் இவ்வாறு செய்துகொள்ளல் இயலாது. தடுப்புக் கருவியின் றப்பர் அதற்கு ஓர் உதாரணம். அக்கால வண்டிகளின் தடுப்பில் உள்ள இயற்கை றப்பர், கனிய எண்ணெய் பட்டால் ஊதிப் பயனிழக்கும். உரிய திரவம் இல்லையென்று இயந்திர எண்ணெயை ஊற்றியவரின் வண்டி, ஓரிரு நாள் நின்று, பின்னொரு நாள் நில்லாது போகும். கார்புரேற்றர் பிழைத்தால் வண்டி வழியில் நிற்கும். தடுப்புப் பிழைத்தால் வண்டி நில்லாது. எதற்கு மாற்று இடலாம், எதற்கு இடலாகாது என்று பிரித்தறிவதே கைத்திறனிலும் மேலான அறிவு. ஏனெனில் அவ்வண்டிகளிற் சென்றோர் உல்லாசப் பயணிகள் அல்லர். செம்மண் பாதையில் இரவு நேரத்திலே மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வைத்தியசாலை நாடிச் சென்ற நோயாளரும் கருப்பிணிப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். வழியில் இயந்திரம் நிற்குமாயின் நின்றுபோவது ஓர் உயிராகவும் இருக்கலாம்.

இதே காலத்தில் இதே தீவின் தென்பகுதியில் நடந்த ஒன்றை நினைத்தல் தகும். 1990களில் அங்கே மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டு உறுப்புகள் புதிதாக ஆக்கப்பட்டு, பழைய வண்டிகளைப் புதுக்கும் ஆங்கிலேயருக்காகப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. தீவின் ஒரு முனையில் ஆன உறுப்பு கடல் கடந்து சென்றது. மறு முனைக்கோ அது செல்ல வழி இருக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏ-9 வீதியும் திறக்கப்பட்டது. பெற்றோல் வந்தது, புதிய வண்டிகள் வந்தன. மண்ணெண்ணெய்ப் புகை மெல்ல மறைந்தது. 2006 இல் போர் மீண்டது. 2009 இல் அது முடிந்தபோது, முல்லைத்தீவுக் கரையோரத்தில் மக்கள் விட்டுச் சென்ற வண்டிகள் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்தன. பின்னர் அவை பழைய இரும்பாயின. பல ஆண்டுக் கைவேலையும் அவற்றோடு உருகிற்று.

எஞ்சிய சில பழைய வண்டிகளைப் புதுக்க இன்று விரும்புவோர் உளர். அவர்கள் முன் ஒரு வினா நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே வண்டியை ஆக்குவதா? வன்னியின் கை பட்ட மாற்றங்களை அப்படியே விடுவதா? முதலாவது வழி அழகைத் தரும். ஆனால் அவ்வண்டியின் பன்னிரண்டு ஆண்டு வாழ்வை அழித்துவிடும். இரண்டாவது வழி வரலாற்றைக் காக்கும். ஆனால் எல்லா உறுப்புக்கும் அது பொருந்தாது. நடுவழியே நல்வழி. தடுப்பு, சுக்கான், சக்கரம் ஆகியவற்றில் உயிர் தங்கியிருப்பதால், அங்கே புதிய உறுப்பையே தயங்காது பொருத்துதல் வேண்டும். கடைந்து செய்த புஷ், மாற்றி அமைத்த எரிபொருட் குழாய், பெற்றோல் துளியிட்ட சிறு போத்தல் ஆகியவற்றையோ இருந்தபடியே விடலாம். கழற்ற நேர்ந்தால், எவ்வண்டியில் எவ்விடத்தில் எதற்காக இருந்தது என்று எழுதிக் கட்டிப் பேணலாம்.

அவற்றைச் செய்தவர்களுட் பலர் ஏடெழுதி வைத்தவர் அல்லர். எவ்வுறுப்பு எதற்குப் பொருந்தும் என்ற அவர்களது அறிவு கையிலும் நினைவிலுமே தங்கியது. முதியோர் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைத்தல் இளைஞர் கடன். வார்ப்பு இருந்தால் உறுப்பை எப்போதும் ஆக்கலாம். அறிந்தவர் மறைந்தபின் அந்த அறிவைத் தேடிப் பெறும் கடை எங்கும் இல்லை.