இணையக் கடைக்கு எந்தக் கூடை?



கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்யும் ஒரு குடும்ப மாதைக் கற்பனை செய்து கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சேலைகளைத் தருவிக்கிறார்; படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறார். தீபாவளி நெருங்கினால் முறுக்கும் அதிரசமும் சேர்ந்துகொள்ளும். ஒரே சேலையை மூன்று பேர் கேட்கிறார்கள். யார் முதலில் கேட்டார், யார் பணம் கட்டினார் என்று கைப்பேசியை மேலும் கீழும் தள்ளித் தேடுவதிலேயே பாதி இரவு போய்விடுகிறது. இனி சொந்தமாக ஓர் இணையக் கடை போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவெடுக்கிறார்.

“இந்த மென்பொருள் இலவசம், சின்னம்மா. நானே போட்டுத் தருகிறேன்” என்கிறான் அக்காள் மகன். “மாதச் சந்தா கட்டினால் தலைவலியே இல்லை” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால், பல ஆண்டுச் சேமிப்பு ஒரே பண்டிகையில் கரைந்துவிடலாம்.

ஷாப்பிங் கார்ட் மென்பொருள் என்பது பேரங்காடியில் நாம் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டி மட்டுமல்ல. பொருளை அடுக்கி வைக்கும் அலமாரி, விலை போடும் கல்லாப்பெட்டி, இருப்புக் கணக்கு, ரசீதுப் புத்தகம், வாடிக்கையாளர் முகவரிப் பட்டியல் எல்லாமே அதற்குள்தான். அதனால் அதைத் தேர்ந்தெடுப்பது முகப்புப் பக்கத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது போன்ற காரியம் அன்று. நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம்.

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வாடகைக் கடை. கனடாவின் ஷாப்பிஃபை, மலேசியாவில் உருவான ஈஸிஸ்டோர் போன்றவை இவ்வகை. மாதாமாதம் பணம் கட்டினால் பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஷாப்பிஃபையின் கதையே சுவையானது. பனிச்சறுக்குப் பலகை விற்பதற்காக 2004-இல் ஓர் இணையக் கடை திறந்த டோபியாஸ் லூட்கேயும் அவருடைய கூட்டாளிகளும், அன்றிருந்த மென்பொருள்கள் பிடிக்காமல் தாங்களே ஒன்றை எழுதிக் கொண்டார்கள். 2006-இல் அதையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். சின்னக் கடைக்காரரின் சலிப்பில் பிறந்த மென்பொருள் அது.

மற்றொன்று, சொந்த வீடு. 2000-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ், அதிலிருந்து பிரிந்து வந்த ஜென்கார்ட், 2011-இல் வந்த வூகாமர்ஸ் ஆகியவை இவ்வகை. மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால் அதை வைக்கச் சர்வர் இடத்துக்கு வாடகை உண்டு, இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, சில வசதிகளுக்குத் தனி விலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டு சாவியை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்டைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெஜெண்டோ மென்பொருளின் கதை போதும். அதன் முதல் பதிப்புக்கான பராமரிப்பை அடோபி நிறுவனம் 2020 ஜூன் மாதத்தோடு நிறுத்தியது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள். இருந்தும் பல கடைகள் மாறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் உலகெங்கும் ஏறக்குறைய 2,000 மெஜெண்டோ கடைகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்யும் அட்டை விவரங்களைக் களவாடும் நிரலை அங்கே பொருத்திவிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அந்தப் பழைய பதிப்பில் ஓடிய கடைகள். அக்காள் மகன் படிப்பு முடித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் மாதந்தோறும் மென்பொருளைப் புதுப்பிப்பது யார்? அதற்குப் பதில் இல்லாத வீட்டில் ‘இலவசம்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? வசதிகளின் பட்டியலைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. எல்லா மென்பொருளும் எல்லாம் உண்டு என்றே சொல்லும். வாடகைக் கடைகள் பலவற்றில் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களில் தமது வியாபாரத்திலேயே மிகச் சிக்கலான ஓர் ஆர்டரை எடுத்து, தொடக்கம் முதல் கடைசி வரை அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கிள்ளான் மாதுக்கு வரக்கூடிய சிக்கலான ஆர்டர் இது: சரவாக், மிரியிலிருந்து ஒருவர் ஒரு பட்டுச் சேலை கேட்கிறார். ஓரம் தைத்துத் தர வேண்டும், ரவிக்கைத் துணியை வெட்டித் தனியாகத் தர வேண்டும். கூடவே இரண்டு டப்பா முறுக்கு.

மென்பொருள் இங்கே பல இடங்களில் இடறும். தீபகற்பத்துக்கு ஒரு கட்டணம், சபா, சரவாக்கிற்கு வேறு கட்டணம் என்று பிரித்துப் போட வழி இருக்கிறதா? மேல்நாட்டு மென்பொருள்கள் சில, நாட்டுக்கு ஒரே கட்டணம் என்ற கணக்கில்தான் முதலில் அமைந்திருக்கும்; மாநில வாரியாகப் பிரிப்பது எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும், அல்லது கூடுதல் சந்தாவில் கிடைக்கும். சேலை கனம், இடம் அடைக்காது. முறுக்கு டப்பா அதற்கு நேர் எதிர். கூரியர் நிறுவனங்கள் எடையோடு நீள அகல உயரத்தையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பணம் கேட்கின்றன. எடையை மட்டும் கேட்கும் மென்பொருள், ஒவ்வொரு முறுக்கு டப்பாவிலும் கடைக்காரர் கையைக் கடிக்கும்.

அனுப்பும் செலவைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவேன் என்று அடம் பிடிக்கும் மென்பொருளும் உண்டு. டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிலையம் பல ஆண்டுகளாகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இணையத்தில் நிரப்பப்படும் கூடைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு பணம் கட்டப்படாமலே விடப்படுகின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடைசி நேரத்தில் தலைகாட்டும் கூடுதல் செலவுதான் முதல் காரணமாக நிற்கிறது. மிரிக்காரர் தமது அஞ்சல் குறியீட்டைப் போட்டவுடனேயே மொத்தத் தொகை தெரிந்தால் அவர் முடிவெடுப்பார். தெரியாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார். எதனால் போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவே போவதில்லை.

அடுத்து, பணம். மலேசியாவில் கடன் அட்டை இல்லாதவர்களும் எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் 2017 முதல் பேநவ் இருக்கிறது. இவை நன்றாக இணையாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே உதவாது. கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இடைநிலைச் சேவை ஒன்று, எஃப்பிஎக்ஸ் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி எடுப்பதாக வைத்துக் கொள்வோம். 300 வெள்ளிச் சேலையில் அது பொருட்டே இல்லை. 15 வெள்ளி முறுக்கில் அது ஏறக்குறைய 7 விழுக்காடு. ஷாப்பிஃபை போன்றவை, தங்கள் சொந்தக் கட்டணச் சேவையைப் பயன்படுத்தாத கடைகளிடம் ஒவ்வொரு விற்பனையிலும் தனியாக ஒரு பங்கு கேட்கும். அந்தச் சொந்தச் சேவை தமது நாட்டில் கிடைக்கிறதா என்று சந்தா கட்டுமுன் கேட்டுவிட வேண்டும். மாதச் சந்தா மலிவாகத் தெரிந்து, மொத்தச் செலவு ஏறிப்போவது இந்த இடத்தில்தான். அட்டை எண்களைத் தமது கடையிலேயே சேமித்து வைக்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரக்கூடாது. அந்த வேலையைக் கட்டணச் சேவையிடமே விட்டுவிடுவது நல்லது.

சேலைக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. முறுக்கு தீர்ந்தால் மறுபடி சுடலாம். அந்த மயில் கழுத்து நிறப் பட்டு ஒன்றே ஒன்றுதான். அதே சேலையை ஷாப்பியிலும் சொந்தக் கடையிலும் போட்டிருந்தால், ஓரிடத்தில் விற்றவுடன் மறு இடத்தில் உடனே மறைய வேண்டும். இல்லையேல் ஒரே சேலை இருவருக்கு விற்றுப்போகும். தீபாவளி வாரத்தில் அந்த இரண்டாமவரிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை வியாபாரிகள் அறிவார்கள்.

தமிழையும் மறந்துவிடக் கூடாது. பொருளின் பெயரைத் தமிழில் எழுதி ஒரு ரசீது எடுத்துப் பாருங்கள். திரையில் ஒழுங்காகத் தெரியும் எழுத்து, பிடிஎஃப் ரசீதில் கட்டங்கட்டமாக வரலாம். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். ‘கோ’ என்ற எழுத்தைச் சோதித்தாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வரி விகிதத்தை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் பார்த்து வைக்கலாம். மலேசியாவில் ஜிஎஸ்டி 2015-இல் வந்தது, 2018-இல் போனது. சிங்கப்பூரில் 2024 முதல் 9 விழுக்காடு. விற்பவரின் பெயர், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை இணையக் கடையில் காட்ட வேண்டும் என்று மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்பு மின்வணிக விதிமுறைகள் 2012-லேயே சொல்லிவிட்டன. எஸ்எஸ்எம் பதிவு எண்ணை அடிப்பக்கத்தில் போட இடம் இருந்தால் வாங்குபவருக்கும் நம்பிக்கை வரும்.

கடையைத் திறக்கும் உற்சாகத்தில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நாளை வெளியேற வேண்டுமானால் எதை எடுத்துக்கொண்டு போகலாம்?

ரக்குத்தென் நிறுவனம் 2016-இல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் தனது இணையச் சந்தைகளை மூடியது. அங்கே கடை போட்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 2024-இல் சிங்கப்பூரில் கியூ10 தளத்தில் விற்ற வணிகர்கள், விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை என்று புகார் செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அதன் கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய வாரியம் உத்தரவிட்டது. இவை சந்தைகள், மென்பொருள்கள் அல்ல என்பது சரிதான். ஆனாலும் வாடகைக் கடைக்கும் இதே கேள்வி பொருந்தும். சந்தா ஏறலாம், சேவை நிற்கலாம், அல்லது நமக்கே பிடிக்காமல் போகலாம்.

ஆகவே இலவசச் சோதனை நாட்களிலேயே இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். பத்துப் பொருளையும் இரண்டு பொய் ஆர்டரையும் போட்டு, அவற்றைக் கோப்பாக வெளியே இறக்கிப் பார்க்க வேண்டும். பொருள் பட்டியல் வந்துவிடும், படங்களும் வருகின்றனவா? வாடிக்கையாளர் பெயர், முகவரி, பழைய ஆர்டர்கள் வருகின்றனவா? கடவுச்சொற்கள் பெரும்பாலும் வாரா, அது பாதுகாப்புக்காகத்தான்; வாடிக்கையாளர் புதிதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன தீபாவளிக்கு வாங்கிய இருநூறு பேரின் பட்டியல் வராவிட்டால், புதிய கடை ஆளில்லாத தெருவில் திறந்த கடையாகிவிடும்.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதும் இதில் அடங்கும். வாடகைக் கடை தரும் துணை முகவரியில் இரண்டு ஆண்டு விளம்பரம் செய்துவிட்டு வெளியேறினால், அந்தப் பெயர் அவர்களிடமே தங்கிவிடும். சொந்த முகவரி என்றால் மென்பொருளை மாற்றினாலும் கடையின் பெயர் மாறாது. அக்காள் மகன் அன்போடு தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருப்பான். அவனுக்கு வேறு எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் புதுப்பிக்கும் நாளை நினைவூட்டும் கடிதம் அவன் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போகும். அதைச் சின்னம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்குமுன் செய்துவிட்டால், அந்த நேரமாவது கிடைக்கும்.