வாய்ப்புண்ணும் தாம்பூலமும்

(திருத்துறைப்பூண்டியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



பிறவி மருந்தீசர் எழுந்தருளியுள்ள இவ்வூரில், வாய்ப்பிணி ஒன்றைக் குறித்துப் பேசும்படி எனக்குக் கட்டளையாயிற்று. அற்ப விஷயமென்று எண்ணற்க.

என் சிறிய தகப்பனார் கடைமடையில் பத்து மா நிலம் பயிரிட்டவர். வெற்றிலைச் செல்லமின்றி வரப்பில் இறங்கார். ஒரு வருஷம், மிளகு ரசம் பட்டாலே வாய் எரிகிறதென்றார். உஷ்ணமென்று கருதி மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தோம். எரிச்சல் தணியவில்லை. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தோல்வார்போல் இறுகிற்று. வாயில் இரண்டு விரல் நுழைவதும் அரிதாயிற்று. ஆறாத புண் தோன்றிய பிறகே வைத்தியசாலையை நாடினோம். காலம் கடந்துவிட்டது.

வாய்ப்புண் யாவும் கொடியதன்று. சத்துக் குறைவாலும், கூரிய பல் உராய்வதாலும் புண் வரும். காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும். ஆறாத புண்ணும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டும், காரம் பொறாத எரிச்சலும், வாய் திறவாமையுமே அஞ்சத்தக்கவை.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் கன்னச் சதையில் நாரைப் பெருக்கி இறுகச் செய்கிறது. அவ்விறுக்கம் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். 1933-ல் டாக்டர் ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோர்க்கு உண்டாகும் வாய்ப்புற்றைப் பற்றி லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். புகையிலையே குற்றவாளி, பாக்கு நிரபராதி என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தானேயும் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டது.

ஆரம்பத்திலேயே கண்டால் இந்நோயைக் குணப்படுத்தலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் இன்றும் தொண்டாற்றுகிறது.

இனி நமது கடமை யாது? மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று, நல்ல வெளிச்சத்தில், கன்னம், நாவின் அடி, ஈறு ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிடில் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

மற்றொன்று சொல்ல என் நா கூசுகிறது. என் சிறிய தகப்பனார் இப்பழக்கத்தை இருமுறை விட்டார். இருமுறையும் நம்மவர் கல்யாணப் பந்தலில் நாமே தட்டை நீட்டினோம். மறுப்பது மரியாதைக் குறைவென்று அவர் வாங்கி மென்றார். தாம்பூலம் மங்கலப் பொருள். அதைத் தேங்காய் பழத்துடன் மடியில் கொடுப்போம். மெல்லும்படி சீவலும் புகையிலையும் பரிமாறுவதை இவ்வருஷக் கல்யாணங்களிலிருந்தே நிறுத்துவோமாக. வேண்டாமென்று சொல்பவரை உபசாரம் என்னும் பெயரால் வற்புறுத்தாதிருப்போமாக.