எழுத்து அறிந்த குழந்தை, சொல் அறியாத குழந்தை
(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆதிநாதர் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது சமண மரபு. அம்மரபின்படி முதல் ஆசிரியர் ஒரு தந்தை. முதல் பள்ளிக்கூடம் ஒரு வீடு. இன்றோ எழுத்துக் கற்பித்தல் பள்ளியின் வேலை என்று முழுவதுமாக விடப்பட்டுவிட்டது. திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கத்து ஊர்களை விட்டுப் பெருநகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பாட்டியோடு தமிழில் சண்டையும் இடுகின்றனர். ஆனால், இன்று பீடத்தில் வைத்து வணங்கப்படும் நூலின் பெயரைப் படிக்கச் சொன்னால் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். அப்பிள்ளைகளில் பலருக்கு அகரம் முதல் ஆய்தம் வரை பிழையின்றி ஒப்பிக்கத் தெரியும் என்பதுதான் வியப்பு.

ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு. வரிசையாகச் சொல்லப்படும் எழுத்து குழந்தைக்கு ஒரு பாட்டு. நடுவில் உள்ள 'எ' என்னும் எழுத்தைத் தனியே காட்டினால் அது மீண்டும் 'அ'விலிருந்து தொடங்கி, விரலை நகர்த்தி, 'எ'க்கு வந்து சேரும். முதல் வகுப்பில் ஒருமுறையேனும் பாடம் நடத்தியவர்கள் இதைக் காணாதிருக்க முடியாது.

திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. கண், கை, வாய், செவி நான்கும் ஒரே எழுத்தில் கூடும் அம்முறை மிக நல்ல முறை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியொன்றில் கண்டு தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மூத்த மாணவரே இளைய மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து அவர் 1797இல் இலண்டனில் அதை நூலாக்க, 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. எனினும் திண்ணை முறையில் ஒரு குறை இருந்தது. 'ஆனா, ஆவன்னா, கானா' என்று எழுத்தின் பெயரைக் குழந்தை கற்றது. எழுத்தின் ஒலியைச் சொல்லில் வைத்துக் கேட்க நெடுங்காலம் ஆயிற்று. இன்றைய வகுப்பறையிலும் அக்குறையின் நிழல் உண்டு. ககர மெய்யை 'இக்' என்றும், லகர மெய்யை 'இல்' என்றும் கற்ற குழந்தை 'கல்' என்ற சொல்லை 'க, இல்' என்று பிரித்துச் சொல்லி, அதற்கு அப்பால் போக வழியறியாமல் நிற்கிறது. 'க' என்ற ஒலியை நிறுத்தாமல் நீட்டி, அந்த மூச்சிலேயே நாவை மேலே தொடச் செய்தால் 'கல்' தானே பிறக்கும். இரண்டு ஒலிகளை ஒட்டுகின்ற இந்த நொடியில்தான் படிப்பு தொடங்குகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலின் எழுத்ததிகாரத்தில் எழுத்தியலை முடித்தவுடன் பதவியலை வைத்தார். சொற்கள் புணரும் இயல்களை அதன் பின்னரே வைத்தார். எழுத்து, சொல், சொற்சேர்க்கை என்ற இவ்வைப்புமுறை இலக்கணம் பயில்வோர்க்காக அமைந்ததாயினும் குழந்தைக்கும் ஏற்றதே. பதவியலில் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிடுகிறார். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறக்கப்பட்ட அந்த எண்ணில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு ஒரு புதையல் இருக்கிறது. ஈ, பூ, தீ, கை, மை, வா, போ: இவை ஒவ்வொன்றும் ஓர் எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சொல். 'ஈ' என்ற எழுத்தை அறிந்த அன்றே குழந்தை ஒரு சொல்லைப் படித்துவிட்டது. 247 எழுத்துகளையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வைப்பது, சமைத்ததையெல்லாம் எண்ணி முடித்த பிறகே இலை போடுவதைப் போன்றது.

அந்த 247 என்ற எண்ணும் அச்சுறுத்தும் அளவுக்கு மெய்யன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய்க் குறிகள் ஏறத்தாழப் பத்து. இவற்றை அறிந்தால் பெரும்பாலானவை கூட்டிப் படிக்கக் கூடியவையே. எழுத எளிய ட, ப, ம ஆகிய மூன்றையும் புள்ளியையும் கற்பித்தால் படம், மடம், பட்டம், மட்டம் ஆகியவை கைக்கு வந்துவிடும். ஒரு கால் சேர்த்தால் படம் பாடமாகிறது, மடம் மாடமாகிறது. ஒரு குறி மாறப் பொருளே மாறுவதைக் காணும் குழந்தை அக்குறியை மறப்பதில்லை.

கடினமான இடங்களும் உண்டு. உகர, ஊகார வரிசைகளில் ஒரே குறி எல்லா மெய்க்கும் பொருந்தாது. கு, சு, து என்று ஒவ்வொன்றும் தனி வடிவம். அவற்றைப் பொறுமையாக, சில சிலவாகத்தான் பழக்க வேண்டும். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. 'கௌ' என்பதின் கடைசிப் பகுதியை ளகரமாக எண்ணிப் படிக்காத குழந்தை அரிது. பெரியவர்களிலும் சிலர் உண்டு. இவ்விடங்களில் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்பது அறியாமை.

ஆங்கிலத்தில் 'வன்' என்று ஒலிக்கும் எண்ணுப்பெயரை ஓ, என், ஈ என்று எழுதுகின்றனர். அவ்வெழுத்துகளைக் கூட்டி அச்சொல்லை அடைய வழியில்லை. பார்த்துப் பழகத்தான் வேண்டும். சொல்லை முழுதாகப் பார்த்து அறியும் முறையை எல்லாச் சொற்களுக்கும் விரித்ததைக் கண்டித்து ருடால்ஃப் பிளெஷ் என்பவர் 1955இல் அமெரிக்காவில் ஒரு நூல் எழுதினார்; அவ்விவாதம் அங்கே நெடுங்காலம் நடந்தது. தமிழுக்கு அவ்வளவு இடர்ப்பாடு இல்லை. ஆகவே ஆங்கில வகுப்பின் படத்தட்டையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் எச்சரிக்கை வேண்டும். குதிரையின் படத்துக்குக் கீழே 'குதிரை' என்று எழுதியிருந்தால் குழந்தை படத்தைத்தான் படிக்கிறது. படத்தைக் கையால் மறைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஆயினும் எழுத்துக் கூட்டுவது மட்டுமே போதுமா? உ.வே.சாமிநாதையர் ஓலை எழுத்தைத் தடையின்றிப் படிக்கக் கூடியவர். பெரும்புலவரிடம் பாடம் கேட்டவர். அவரும் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது பல சொற்களின் முன் நின்றுவிட்டார். கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்ட பின்னரே அவை அவருக்குத் திறந்தன. 1887இல் நூல் அச்சேறியது. புள்ளியும் நெடிற்கொம்பும் இல்லாத ஓலையில், சொல்லை முன்பே அறிந்தவரே சொல்லைக் காண முடியும்.

நகரத்துக் குழந்தையின் நிலையும் சிறிய அளவில் அதுவே. 'இருக்கிறது' என்பதை அது எழுத்தெழுத்தாகச் சரியாகவே கூட்டுகிறது. கூட்டிவிட்டு, 'அப்படின்னா என்ன?' என்று கேட்கிறது. வீட்டில் 'இருக்கு' என்பதையே கேட்டு வளர்ந்த செவிக்கு அது அயற்சொல். செவியில் இல்லாத சொல்லைக் கண் அடையாளம் காணாது. இக்குறையைப் பள்ளியால் மட்டும் தீர்க்க இயலாது. நாள்தோறும் இரவில் ஒரு பக்கம், வரியின் கீழ் விரலை ஓட்டியபடி, தாத்தாவோ பாட்டியோ நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினால் எழுத்து நடையின் சொற்கள் செவியில் ஏறும். அதே கதையை நாலாம் முறை கேட்டால் சலிப்புறக் கூடாது. குழந்தைக்கு அந்த நாலாம் முறைதான் பாடம். பலமுறை கூட்டிப் படித்த சொல்லே ஒருநாள் கூட்டாமலேயே கண்ணில் படுகிறது.

நீண்ட சொற்களுக்கு மீண்டும் பவணந்தியாரிடமே செல்லலாம். பகுதி, விகுதி என்ற பெயர்கள் குழந்தைக்கு வேண்டா, முறை போதும். 'படி' தெரிந்த பிள்ளைக்குப் படித்தான், படிக்கிறாள், படிப்பார் என்று எழுதி, வாலை விரலால் மறைத்துக் காட்டினால் தலை ஒன்றே என்று சிரிக்கும். 'மரத்திலிருந்து' என்பதைக் கண்டு அஞ்சும் குழந்தை மரத்தை, மரத்தில் என்று படிப்படியாக ஏறி வந்தால் அஞ்சாது.

இறுதியாக ஒன்று, வீட்டுப் பரணில் உள்ள பழைய நூல்களைப் பற்றி. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல வளைந்த குறியோடும், ணா, றா, னா ஆகியவை வேறு வடிவத்தோடும் இருக்கும். நன்றாகப் படிக்கும் பேரனும் அந்நூலின் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். அவ்வடிவங்களை ஒரு தாளில் எழுதி, எதிரே இன்றைய வடிவத்தையும் எழுதி, நூலின் உள்ளட்டையில் ஒட்டிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அவற்றைப் பள்ளியில் எழுதிப் பழகிய கைகள் இந்த அவையில் இன்னும் பல இருக்கின்றன.