ஒன்றரை மனிதர் கணக்கு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் பிக்குகள் செய்கிற வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அது நமக்கு எதுக்குங்க?" என்று வாசலிலேயே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2009க்குப் பிறகு இங்கே பஞ்சசீலம் சொல்கிற தலித் எவராக இருந்தாலும் இந்த வசவைக் கேட்காமல் இருக்க முடியாது: "முள்ளிவாய்க்கால்ல கொன்னவன் கும்பிடுற சாமிதானே உன் சாமியும்?" 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு பிக்குவை அடித்தார்கள். அடுத்த இரண்டொரு நாளில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இன்னொருவரை அடித்தார்கள். உடுத்தியிருந்த சீவரமே குற்றமாகிவிட்டது. நம்ம பக்கத்திலும் சிலர், "அது தேரவாதம், நம்முடையது நவயானம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்டிவிடக் கூடிய விஷயமில்லை இது.

2019ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. அடுத்த மாதமே, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் இருந்த பொதுபல சேனாவின் ஞானசார தேரருக்கு ஜனாதிபதி சிறிசேன மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். மே கடைசியில் அதுரலியே ரதன தேரர் கண்டி தலதா மாளிகை முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அப்போது அவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். முஸ்லிம் ஆளுநர்கள் இரண்டு பேரும் ஒரு அமைச்சரும் போக வேண்டும் என்பது கோரிக்கை. ஜூன் 3ஆம் தேதி அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் அத்தனை பேரும் பதவி விலகினார்கள். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே தேர்தல் பிரச்சாரம் தொடங்கிவிட்டது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். நவம்பர் 16இல் வாக்குப்பதிவு. கோத்தபாய ராஜபக்ச 52.25 சதவீதம் வாங்கி ஜெயித்தார். யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து விழுந்தது. 18ஆம் தேதி பதவிப்பிரமாணம். கொழும்பில் அல்ல, அனுராதபுரத்தில், ருவன்வெலிசாய தூபியின் முன்னால். சிங்களப் பெரும்பான்மை வாக்குகளால் மட்டுமே தன்னால் ஜெயிக்க முடியும் என்பது தெரிந்திருந்தது என்று அங்கே வைத்தே பேசினார்.

ஏன் அந்த இடம்? அது துட்டகைமுனு கட்டிய தூபி. எல்லாளனை வென்ற அரசன். மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தில் ஒரு சம்பவம் வருகிறது. போர் முடிந்து, வென்ற அரசன் மாளிகையில் படுத்திருக்கிறான். இத்தனை உயிரைக் கொன்றுவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மகிழ்ச்சியில்லை. அப்போது எட்டு அரகந்தர்கள் வான்வழியாக வந்து அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். என்ன ஆறுதல்? கவலைப்படாதே, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான். பஞ்சசீலம் ஏற்றவன் ஒருவன், அவன் முழு ஆள். சரணம் மட்டும் போனவன் இன்னொருவன், அவன் அரை ஆள். மிச்சமெல்லாம் மிருகத்துக்குச் சமானம், கணக்கில் வராது.

இதுதான் பௌத்தம் கொடுத்த ஊக்கம் என்று ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறது. கவனியுங்கள், அந்த அரசனுக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்திய மனசைச் சங்கம் சமாதானப்படுத்துகிறது. கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவன் நான். கட்டில் ஒரு தாள் குறைந்தால் ராத்திரி எட்டு மணியானாலும் வீட்டுக்குப் போக முடியாது. இங்கே படை படையாக ஆட்கள் குறைகிறார்கள், கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். நமக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. சேரியை ஊர்க் கணக்கில் சேர்க்காதவனும் இதே வாய்ப்பாட்டைத்தான் படித்தவன். 2017 அக்டோபரில், ரோகிங்கியாக்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, மியான்மரின் மூத்த பிக்கு சிதகு சாயாதோ ராணுவத்தாரிடம் பேசினார். சொன்ன கதை இதே கதை. அதனால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

சரி, பிக்கு அரசியல் பேசலாமா கூடாதா? இங்கேதான் நான் பல தாராளவாத நண்பர்களோடு முரண்படுகிறேன். "துறவிக்கு அரசியல் எதுக்கு, தியானம் பண்ணட்டும்" என்கிறார்கள். அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் தொடக்கத்திலேயே அவர் கேட்பது, பிக்கு தன்னை மட்டும் நிறைவாக்கிக்கொள்கிற ஆளா, சமூகத்துக்குத் தொண்டு செய்கிற ஆளா என்று. முதல் வகை ஆளால் பௌத்தத்துக்குப் பயனில்லை, இரண்டாவது ஆளாக இருந்தால்தான் நம்பிக்கை என்பது அவர் நிலை. ஆக, பிக்கு சார்பு எடுப்பது தப்பே இல்லை. யார் சார்பு என்பதுதான் கேள்வி.

மகாநாயக்க தேரர்கள் சார்பே எடுப்பதில்லை, எல்லா வேட்பாளருக்கும் ஆசி கொடுக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். கண்டிக்குப் போகாத வேட்பாளர் அபூர்வம். மல்வத்த, அஸ்கிரிய இரண்டு பீடத்திலும் மண்டியிட்டு, பிரித் ஓதி, மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டு வருவார்கள். ஞானசாரரின் கூச்சலைவிட இந்த நடுநிலைதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. ஏனென்றால் நூல் கட்டிக்கொள்ளப் போகிறவன் வாசலிலேயே செருப்போடு சேர்த்து ஒன்றை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறான். அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அதாவது பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பது, பேச்சுக்கே அப்பாற்பட்டது. 2019இல் தோற்ற சஜித் பிரேமதாசவும் அதைக் காப்பேன் என்றுதான் சொன்னார். 2024இல் மார்க்சியம் பேசி வளர்ந்த கட்சியின் அனுர குமார திசாநாயக்க ஜெயித்த பிறகும் கண்டிக்குப் போய் ஆசி வாங்கினார்.

அந்தப் பீடங்கள் யாருடையவை? இதை நம்மைத் தவிர யாரும் உரக்கக் கேட்பதில்லை. இரண்டுமே சியாம் நிகாயம். 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் கொடுத்த உபசம்பதையில் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே கொவிகம சாதிக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கராவ, சலாகம, துராவ சாதிக்காரர்கள் பர்மா வரைக்கும் கடல் கடந்து போய் உபசம்பதை வாங்கி வந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை உண்டாக்கினார்கள். சாதியை மறுத்த புத்தரின் சங்கத்தில் சேர, சாதி காரணமாகக் கப்பல் ஏற வேண்டியிருந்தது! 1988 டிசம்பரில் ரணசிங்க பிரேமதாச ஜெயித்தார். கொவிகம அல்லாத முதல் ஜனாதிபதி. அடுத்த மாதம் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தில் நின்று பதவியேற்றார். அந்த மண்டபத்தில் நின்று நாட்டை ஆளலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் பீடத்தில் அவர் சாதிப் பையன் ஒருவன் பிக்குவாக முடியாது. (அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட சிங்கள இளைஞர்களின் கதை தனி. அவரைத் தியாகி ஆக்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை.)

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு போனார். மாளிகாகந்தை வித்யோதயப் பிரிவெனாவில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அந்தப் பயணத்துக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் சுமங்கலரும் சியாம் நிகாயத்தவர்தான். உபாசகனாக நமக்குச் சரணம் கிடைத்தது. துறவியாக உள்ளே நுழைய அங்கே வழியில்லை. ஒன்றரையில் அந்த 'அரை' யார் என்று இப்போது புரிகிறதா?

அதே ஆண்டுகளில் நம்ம ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அந்தத் தீவின் தேயிலைக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று தராசில் நிறுத்துப் பிரித்தார்கள். தேர்தல் தோறும் நூல் கட்டிய கைகள் இவர்களுக்காக உயர்ந்ததாக நான் படித்ததில்லை.

1956இல் இரண்டும் நடந்தது. ஏப்ரலில் பிக்குகள் முன்னணி வீடு வீடாகப் போய் பண்டாரநாயக்காவை ஜெயிக்க வைத்தது, ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம். அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கரும் லட்சக்கணக்கான மக்களும் தீட்சை. அங்கே உறுதிமொழி 22. அதிலொன்று, எல்லா மனிதரும் சமம் என்பது. அரை மனிதர் கிடையாது. பண்டாரநாயக்காவை 1959இல் சுட்டவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும், ஒரு பிக்குதான்.

எல்லாப் பிக்குவும் அப்படி இல்லை. இதையும் சொல்லியாகணும். 2015 தேர்தலுக்கு முன்னால் மாதுலுவாவே சோபித தேரர், நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார், ராஜபக்சவுக்கு எதிராக நின்றார். 2022 போராட்டத்தில் பல்கலைக்கழக பிக்கு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். சிறிதம்ம தேரர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார். இவர்களும் கட்சி கட்டியவர்கள்தான்.

வருகிற அக்டோபர் 14 விழாவுக்கு இலங்கையிலிருந்து ஒரு பிக்குவை அழைப்பதா வேண்டாமா என்று நமக்குள் சண்டை நடக்கிறது. வேண்டாம் என்பவர்கள் முள்ளிவாய்க்காலைச் சொல்கிறார்கள். அழைக்கலாம் என்பவர்கள் அயோத்திதாசரைச் சொல்கிறார்கள். அழைப்போம் என்பது என் கட்சி. ஆனால் மேடையில் வைத்து இரண்டு கேள்வி கேட்கணும். ஐயா, நம்ம தெருப் பையன் ஒருத்தனுக்கு உங்க நிகாயத்தில் உபசம்பதை கொடுப்பீங்களா? அந்த ஒன்றரைக் கணக்கு தப்புன்னு உங்க ஊர் மக்கள்கிட்ட, உங்க மொழியில, தேர்தல் நேரத்தில சொல்வீங்களா? கேள்விகளை அழைப்புக் கடிதத்திலேயே எழுதி அனுப்பிவிடலாம், யோசித்துவிட்டு வரட்டும். இன்றைக்கே கையுயர்த்தி முடிவெடுத்துவிட்டால் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.