முதல் அடி யாருடையது?



கம்பன் தன் காவியத்தின் வாசலில் தன்னை ஒரு பூனையாகச் சொல்லிக்கொள்கிறான். பாற்கடல் முழுவதையும் நக்கியே குடித்துத் தீர்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டுக் கரையில் வந்து நிற்கிற பூனை. அதற்கு அவையடக்கம் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கிவிட்டோம். எனக்கு அதில் அடக்கத்தைவிடப் பயம்தான் கூடுதலாகத் தெரிகிறது. பத்தாயிரம் பாட்டைத் தாண்டி எழுதப்போகிறவனுக்கே முதல் நாள் கை நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தையும் ஒரு பாட்டாக எழுதி ஓரமாக வைத்துவிட்டு அவன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டது எளிமையான கேள்வி. நன்றாகப் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள்? நின்றுபோனவர்களில் நானும் ஒருவன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேட, முதலில் கவிஞர்களின் பெயர்களைப் பார்ப்போம். இந்த நோணாங்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வழியாகப் பாலம் தாண்டி, முருங்கப்பாக்கம் கடந்து புதுச்சேரிக்குள் போனால் பெருமாள் கோயில் தெருவில் 95ஆம் எண் வீடு இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். அந்த வீட்டில் இருந்தவரின் பெயர் கனக சுப்புரத்தினம். 1891இல் பிறந்தவர். கல்வே கல்லூரியில் தமிழ் படித்து, 1909இல் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியரானவர். காரைக்கால் பக்கம் நிரவியில் தொடங்கிய அந்த வேலை 1946 வரை நீண்டது. அந்தச் சுப்புரத்தினம் எழுதியதைவிடப் புனைபெயர்கள் எழுதியதுதான் அதிகம். அவற்றில் ஒன்று கிறுக்கன், இன்னொன்று கிண்டல்காரன். அரசுச் சம்பளக்காரர், எச்சரிக்கை வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனாலும் தன்னைத் தானே கிறுக்கன் என்று அழைத்துக்கொள்கிறவனிடம் ஊரார் எதைச் சொல்லிப் பழிக்க முடியும்? பழிக்கிறவன் வாயிலிருந்த சொல்லை முன்கூட்டியே பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நிலைத்த பெயர் பாரதிதாசன். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது, பின்னாலும் ஒரு வரிசை இருக்கிறது. பாரதியே தொடக்கத்தில் ஷெல்லிதாசன் என்று எழுதியவர். பின்னர் காளிதாசன், சக்திதாசன் என்றும் கையெழுத்திட்டார். பாரதிதாசனைப் பார்த்து வளர்ந்தவர் நம் வில்லியனூரில் 1915இல் பிறந்த எத்திராசலு என்கிற அரங்கசாமி. முதலில் ரமி என்று எழுதினார், பிறகு வாணிதாசன் ஆனார். சேலியமேட்டுப் பள்ளிக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திண்டிவனத்துப் பக்கத்து உலகாபுரத்தில் பிறந்து சினிமாவுக்குப் பாட்டெழுதியவர் கம்பதாசன். பாவேந்தர் பாரதிதாசனோடு தங்கியிருந்த இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டு, அதையும் சுருக்கிச் சுரதா ஆனார். சிறுகூடல்பட்டி முத்தையா ‘திருமகள்’ பத்திரிகையில் வேலை கேட்டுப் போனபோது, புனைபெயர் உண்டா என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்ன பெயர்தான் கண்ணதாசன்.

இத்தனை தாசர்கள் எதற்கு? பக்தி, குருவணக்கம், அந்தக் காலத்து மோஸ்தர் என்றெல்லாம் சொல்லலாம். கூட்டத்தைப் பார்த்துத் தானும் ஒரு தாசனாகி, நான்கு வெண்பாவோடு நின்றவர்களும் உண்டு. ஆனால் பாட்டு எழுத உட்கார்கிறவனுக்கு இந்தச் சொல் ஒரு காரியம் செய்து கொடுக்கிறது. ‘என்னால் முடியுமா?’ என்ற கேள்வியில் கனமான சொல் ‘என்னால்’ என்பதுதான். தாசன் என்று போட்டவுடன் அந்தச் சுமையில் பாதி ஆண்டான் தலைக்கு மாறிவிடுகிறது. பாட்டு நன்றாக வந்தால் அவர் அருள், சொதப்பினால் தாசன்தானே, போகட்டும்.

சுப்புரத்தினத்துக்கு அது எப்படி நடந்தது என்பது புதுச்சேரிக்காரர்கள் எல்லாரும் கேட்ட கதை. வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் அந்த இளைஞர் பாரதி பாட்டைப் பாடுகிறார். எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாடியிருப்பாரா என்பது என் நெடுநாள் சந்தேகம். பிறகு பழக்கம் ஏற்படுகிறது. ஒருநாள் நண்பர்கள் கூடியிருந்தபோது, இவர் பாட்டுக் கட்டுவாரா என்று பேச்சு எழ, எங்கே ஒன்று எழுது என்கிறார் பாரதி. யோசிக்க நாள் கேட்கவோ, நல்ல தாள் தேடவோ, வீட்டுக்குப் போய் வரவோ வழியில்லை. சக்தியைப் பற்றி அங்கேயே ஒரு பாட்டுப் பிறந்தது. தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பாரதி அதைச் ‘சுதேசமித்திர’னுக்கு அனுப்பிவைத்தார்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை பின்னால் வருகிறது. மயிலம் முருகனைத் துதித்து நூல் எழுதிய சுப்புரத்தினம், சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்ச் சாமியை விட்டார், சக்தியையும் விட்டார். பாரதிதாசன் என்ற பெயரை மட்டும் விடவில்லை. அந்தப் பெயர் எதற்கு என்று தோழர்கள் கேட்டபோதும் விடவில்லை. 1946இல் சென்னையில் அண்ணாவின் முயற்சியில் 25,000 ரூபாய் பொற்கிழி கிடைத்ததும் தாசன் என்ற பெயருக்குத்தான். அதற்குள் தாசனே ஒரு தலைவராகியிருந்தார்.

அவரிடம் ‘குயில்’ இதழில் வேலை பார்க்க வந்த பட்டுக்கோட்டைக்காரருக்கு அதே நடுக்கம். தான் எழுதியதைக் காட்டக் கூச்சப்பட்டு, அ. கல்யாணசுந்தரம் என்ற பெயரையே நறுக்கி ‘அகல்யா’ என்று போட்டு வைத்ததாகவும், யாரோ ஒரு பெண் எழுதியது என்றெண்ணிப் பாவேந்தர் பாராட்டியதாகவும் சொல்வார்கள். எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் ‘வாழ்க பாரதிதாசன்’ என்று எழுதுவாராம். வெற்றுத்தாள் என்கிற அந்த எதிரியை அப்படி ஒழித்துவிட்டால், அடுத்து வருவது இரண்டாவது வரிதானே! 1959இல் 29 வயதில் அவர் போய்விட்டார். நின்றுபோவதற்கு நேரமே இல்லாத வாழ்க்கை.

முதல் வரியை வேறொருவர் தருவது நமக்குப் புதிதல்ல. அடியெடுத்துக் கொடுத்தல் என்று அதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இருக்கிறது. தில்லையில் சேக்கிழாருக்கு அசரீரியாக முதற்சொல் வந்ததாகச் சொல்கிறோம். காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்பருக்கு முருகனே முதலடி கொடுத்தான் என்கிறோம். கொடுத்த அடியில் சந்தி தவறு என்று அரங்கேற்றத்தில் ஒரு புலவர் எழுந்து, கடைசியில் முருகனே புலவனாக வந்து இலக்கண நூலைக் காட்டித் தீர்த்து வைத்ததாகவும் கதை உண்டு. சாமி கொடுத்த வரிக்கே விதி கேட்ட நாட்டில் சின்னப் பிள்ளைகள் எழுதப் பயப்படுவது நியாயம்தான்.

வீராம்பட்டினத்துக் கரையில் கரைவலை இழுத்தபோது பாடிய அம்பாப் பாட்டும் இதே முறைதான். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரருக்கு வரி வரவில்லை என்று வலை காத்திருக்காது. பழைய வரியைப் போடுவார், பக்கத்தில் நிற்பவனைக் கேலி செய்து ஒரு வரி போடுவார், ஒன்றும் இல்லாவிட்டால் ஏலேலோ. சினிமாவில் அந்த வேலையை மெட்டு செய்கிறது. இசையமைப்பாளர் தத்தகாரம் சொன்ன பிறகு கவிஞருக்கு வெற்றுத்தாள் கிடையாது. கட்டிய வீட்டுக்குள் சாமான் ஏற்ற வேண்டியதுதான். மெட்டுக்கு எழுதுவது மட்டம் என்று பேசுகிறவர்கள் யாப்பையும் சேர்த்துத்தான் மட்டம் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருவர் வாலி. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். ஓவியர் மாலியைப் போல வரைய ஆசைப்பட்டதால் நண்பர் ஒருவர் சூட்டிய பெயர் வாலி. ‘அழகர்மலைக் கள்வன்’ படத்தில் பாட்டெழுதினார். பிறகு வாய்ப்புகள் வரிசை கட்டவில்லை. தியாகராய நகரில் நாகேஷ் போன்றவர்களோடு அறையில் இருந்து பசியைப் பங்கிட்ட காலம். இனி சென்னை வேண்டாம் என்று முடிவுகட்டிய வேளையில் பி.பி. ஸ்ரீநிவாஸ் வருகிறார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று கேட்க, அவர் பாடிக் காட்டியது ‘மயக்கமா கலக்கமா’. 1962இல் ஸ்ரீதரின் ‘சுமைதாங்கி’யில் வந்த, கண்ணதாசன் எழுதிய பாட்டு. வாலி ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டார். அடுத்த வருஷம் ‘கற்பகம்’. பிறகு 2013 வரை அவர் கை ஓயவில்லை.

அந்தப் பாட்டின் ஆறுதல்தான் அவரை நிறுத்தியது என்பார்கள், அவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆறுதல் பாட்டுகள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நொந்து கிடப்பவனுக்குப் புத்திமதி கசக்கும். மூன்று நிமிஷ சினிமாப் பாட்டுக்குள் இவ்வளவு செய்ய முடியுமா என்ற தொழில்காரனின் வியப்பும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். எழுதினவருக்கு அது வினையாகவும் முடிந்தது. தன் பாட்டால் தங்கிய ஆள்தானே கண்ணதாசனுக்குப் பெரிய போட்டியானார்!

இனி என் கதை. 1990 வாக்கில் புதுச்சேரி முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தது. நான் அப்போது இளம் வாத்தியார். பெண்கள் கையெழுத்துக் கற்கும் வகுப்புகளுக்காக ஒரு பாட்டு எழுதித் தரும்படி சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்தேன். கல்வி, கண், விளக்கு, இருள் எல்லாம் வந்தன, பாட்டு மட்டும் வரவில்லை. நான்காம் நாள், எழுத முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் இந்த நோணாங்குப்பத்துக்கு சைக்கிளில் வந்தேன். சுண்ணாம்பாற்றுப் பக்கம் ஒரு திண்ணையில் வகுப்பு. மீன் விற்கிற ஆயா ஒருத்தர் சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மீனு எண்ணத் தெரியும் வாத்தியாரே, வட்டிக் கணக்கும் தெரியும். எம் பேர எழுதத்தான் தெரியல.”

சைக்கிளைத் திருப்பினேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் பல்லவி முடிந்துவிட்டது. முதல் இரண்டு அடி அவர் சொன்னதேதான். மீதியை மட்டும் நான் எழுதினேன், அதனால் மீதி சுமார்தான்.

பாட்டை முதன்முதலில் பாடிய அன்று ஆயா முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் கைதட்டவில்லை. கிட்டே வந்து, “நான் சொன்னத நீ எழுதிக்கின, நல்லாத்தான் இருக்குது,” என்றார். பிறகு சிலேட்டை என் கையில் கொடுத்தார். “இப்ப எம் பேர எழுது. அதுமேலயே நான் எழுதிப் பாக்கறேன்.”